நூற்றுப் பன்னிரண்டு கிராம்

ஆணி நிறுக்கிற தராசில் வைத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
தட்டில் காலையில் நிறுத்த கூரை ஆணியின்
கறள் இன்னும் ஒட்டியிருந்தது.

"தொண்ணூற்றிரண்டாயிரம் அக்கா,
கொரியாவில என்ர ஒரு கிழமைச் சம்பளம்"
என்றான் நிதுர்சன்.
கடன் கொப்பியில் அவன் பக்கத்தில்
அறுபத்தெட்டாயிரம் நிற்கிறது.
வலை, ஈயம், மிதப்புக்கட்டை,
எப்போதோ எடுத்த ஒரு டார்ச்லைட்.
கத்தியை வைத்துக்கொண்டு
பக்கத்தைக் கிழிக்கச் சொல்கிறான்.

நானும் வில்லுக்கத்தி விற்கிறவள்தான்.
அறுநூற்றைம்பது ரூபாய்.
பன்னிரண்டாய் மட்டையில் கோத்து வாசலில் தொங்கும்,
சிவப்புப் பிடி முதலில் போகும்,
பச்சை கடைசி வரைக்கும் கிடக்கும்.
மூன்றாம் மாதம் ஆணி தளரும்.
நாலாம் மாதம் ஆள் திரும்பி வருவார்
திட்டிக்கொண்டே இன்னொன்று வாங்க.
அந்தத் திட்டில்தான்
வாழைச்சேனையில் என் கடை ஓடுகிறது.

கணக்குப் பார்த்தேன்.
அவன் ஒன்றுக்கு என்னுடையது நூற்று நாற்பத்தொன்று.
மிச்சம் முந்நூற்றைம்பதுக்கு
ஒரு பிளேன்டி, ரெண்டு ரோல்ஸ்.
நூற்று நாற்பத்தொரு கத்தியை ஒருவன் தொலைக்க
எத்தனை கடல் வேண்டும்?

"இஞ்ச பாருங்க."
பெருவிரலால் தட்டினான்.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
சங்கிலியை அடகு வைத்த அன்று
பாங்கில் பெட்டகக் கதவு
இப்படித்தான் போய் இருந்தது தன் இடத்தில்.

மூடிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன்.
இரண்டு தகட்டுக்கும் நடுவில் அலகு
முடியளவு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
சொன்னேன். காது சிவந்துவிட்டது பொடியனுக்கு.
என் கத்தியில் விரலளவு சாயும்,
ஒருவரும் கேட்டதில்லை.
கூடக் கொடுத்தவனுக்குத்தான்
குறை பார்க்கிற கண் கூட.

"டைட்டானியம் கறள் பிடிக்காது அக்கா."
அலகு?
"அது உருக்கு. துடைச்சு வைக்கணும்."
அப்படியென்றால் காசெல்லாம் பிடிக்கிற இடத்துக்கு.
வெட்டுகிற இடம்
நம்மளைப் போல உப்புக்குப் பயந்தது.

கடலுக்குக் கொண்டுபோனியா?
"ஒருக்கா."
கல்குடாவுக்கு வெளியே காற்றாடியில் கயிறு சுற்றியதாம்.
என் கடைச் சிவப்பால் அறுத்தானாம்,
மற்றக் கை முழுநேரமும்
காற்சட்டைப் பையைப் பொத்தியபடி.

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.
பன்னிரண்டு மில்லி நைலோன் சுருளை இழுத்து
ஒருமுறை வைத்தேன் அலகை.
அழுத்தவில்லை.
அறுபட்டது தெரியாமல்
கயிறு கொஞ்சநேரம் கயிறாகவே கிடந்தது.
இன்னொருமுறை.
இன்னொரு சாண்.
விற்கிற கயிறு, ஒரு பாகம்,
துண்டு துண்டாய் மேசையில்.
கணக்குத் தெரிந்த கை
நிறுத்த மாட்டேன் என்கிறது.

"நாற்பதாயிரம்" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
கத்தியை வாங்கினான்,
சேர்ட் நுனியால் அலகைத் துடைத்தான்,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்,
அடியில் பஞ்சு போல ஒட்டிய நைலோன் நாரை
ஊதிவிட்டு,
பிறகுதான் மூடினான்.
நானும் வாயை மூடிக்கொண்டேன்.

"மறுகா பாப்பம்" என்றேன்.
தைக்குள் பாதியாவது தருவதாகச் சொன்னான்.
தரமாட்டான், இருவருக்கும் தெரியும்.
கொப்பியில் அவன் பக்கம் அப்படியே இருக்கிறது.
ஒரு பாகம் கயிறை மட்டும்
என் பேரில் எழுதினேன்.

கடை பூட்டும் நேரம்
மட்டையிலிருந்து ஒரு பச்சையைக் கழற்றித் திறந்தேன்.
நகம் ஒடிந்தது.
மார்க்கர் எடுத்து
விலையை அறுநூறு ஆக்கினேன்.

காலையில்
திரும்பவும் அறுநூற்றைம்பது.