தாழங்குடா மணலில், சும்மா

மாதத்தின் முதல் ஞாயிறு, வெளிச்சம் வருமுன்
வண்டியைத் தாழங்குடா மணலில் இறக்குவேன்.
சின்ன லீவரைப் பின்னுக்கு இழுத்தால்
ஒரு முனகல், பிறகு டக்கென்று ஒரு சத்தம்.
நான்கு சக்கரமும் சேர்ந்து மணலைக் கடிக்கும்.
அரை பர்லாங்கு போவேன். திரும்புவேன். அவ்வளவுதான்.

வலை உதறுகிறவர்கள் கேட்டார்கள்:
"என்னக்கா, எது மாட்டிக்கிச்சு?"
எதுவும் மாட்டவில்லை.
"அப்ப எதுக்கு?"
மாட்டும் நாளுக்கு.
சிரித்து ஓய்ந்து மூன்று வருடமாகிறது.
இப்போது கையை மட்டும் தூக்குகிறார்கள்.

ஒரு ஐப்பசியில், கெடிலக்கரைச் சேற்றில்
லீவர் விழவில்லை.
ஜெனரேட்டர் இரண்டு மணி நேரம் பிந்திப் போனது.
யாருக்காகப் போனது என்பதை
நோட்டில் எழுதவில்லை.

முதுநகர் பட்டறையில் தஸ்தகீர்
நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார்.
"இதுக்கு ஒண்ணுமில்ல. தினம் வேலை இருக்கு.
நீ தொடாத கியர்தான் கெட்டுப்போச்சு.
சும்மா கெடக்குற இரும்புக்குத்தாம்மா சீக்கு."

நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று ஆறு.
ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் மீட்டர் கேபிள் அறுந்தது.
கேட் திறந்தது, வண்டி நகர்ந்தது,
எண் நகரவில்லை.
பதினோரு மாதம் அப்படியே ஓட்டினேன்.
எவ்வளவு தூரம் என்று டயருக்குத் தெரியும்,
டீசல் பில்லைக் கூட்டினால் எனக்கும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இந்த ஊரில் உப்பிடுவது காற்று.
சேசிஸ் நினைத்துக்கொண்டே இருக்கிறது.
கதவின் அடிவிளிம்பு
நினைத்து நினைத்துச் சல்லடையாகி
இரண்டு முறை வெட்டி ஒட்டியாயிற்று.
வீட்டு போரிலும் உப்புதான். அதனால்
மணலிலிருந்து வந்ததும் அடிவயிறு கழுவ
லாரித் தண்ணீர் நான்கு குடம்.
குடம் குடமாக எண்ணுவார் என் வீட்டுக்காரர்.

அவர்தான் எங்கோ வாய்விட்டிருக்க வேண்டும்.
போன வாரம் பண்ருட்டியிலிருந்து ஒருவர் வந்தார்,
பலாத் தோப்புக்கு வண்டி வேண்டுமாம்.
பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார்.
"யார் ஓட்டுறது?"
நான்தான்.
"எவ்வளவு ஓடியிருக்கு?"
மீட்டர் காட்டுவதைச் சொல்லியிருக்கலாம்.
நோட்டை எடுத்துப் பானட்டின் மேல் வைத்தேன்.

எந்தத் தேதி எந்த ஆயில், எந்தச் சக்கரத்துக்கு பேரிங்,
எந்தக் கல்யாணம், எந்தத் தேர்,
எந்தப் புயலில் எத்தனை நாள்.
இரண்டு பக்கத்தில் மை கரைந்து நீலமாகக் கிடந்தது:
தானே அடித்த மார்கழி.

புரட்டிக்கொண்டே வந்தவர் விரல் நின்றது.
"மாசாமாசம் 'தாழங்குடா, சும்மா'ன்னு இருக்கே,
இது என்ன வாடகை?"

சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்,
எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார்,
சொன்ன விலைக்கு மேல் பதினைந்தாயிரம் ஏற்றினார்.
இல்லை என்றேன்.
"நோட்டையாவது குடுங்க" என்றார், விளையாட்டாகத்தான்.

அவர் போனதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன்.
ஒரு விரல் குறைந்திருந்தது.
ஊற்றினேன்.
எழுதினேன்.