அயலார் கட்டணம்

ரங்கூனிலிருந்து ராத்திரி பஸ்ஸில்
பதினோரு பேர் வந்தோம், அலுவலகச் சுற்றுலா.
பகானில் இறங்கியதும்
சீட்டுக்காரன் பத்துப் பேரைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தான்.
வெளிநாட்டவருக்கு இருபத்தையாயிரம் கியாட் என்றான்
ஆங்கிலத்தில்.
நான் பர்மியத்தில் பதில் சொன்னேன்.
நன்றாகப் பேசுகிறீர்களே என்று மெச்சினான்.

அட்டையை நீட்டினேன்.
அதில் நான் கின் மா வின். வீட்டில் அலர்மேல்.
இனம் என்ற வரியில் யாரோ ஒரு குமாஸ்தா
அன்றைக்குக் கையில் கிடைத்த மூன்றைக்
கமா போட்டு எழுதியிருக்கிறார்.
இரண்டு எனக்கே புதிது.
வெயிலில் பிடித்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான்.
மற்றவர்கள் புளிமிட்டாய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.
யின் யின் மியா மட்டும்
என் பையைத் தூக்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.
பிறகு விட்டான்.

ஆனந்தா கோயிலில் தெற்குப் பார்த்த புத்தர்
கூரை வரைக்கும் பொன்.
தள்ளி நின்றால் சிரிக்கிறார்,
கிட்டே போனால் இறுகிவிடுகிறார்.
முன்னும் பின்னுமாக மூன்று தரம் நடந்து சரிபார்த்தேன்.
சீட்டுக்காரனும் இப்படித்தான் என்றேன்.
கோயிலில் பேசுகிற பேச்சா என்று
யின் யின் மியா கிள்ளினாள்.
வெளியே வந்து சிரித்தாள்.

மத்தியானம், சோற்று மயக்கத்தில் எல்லாரும் சாய்ந்தபோது
பேட்டரி ஸ்கூட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு
நாங்கள் இரண்டு பேர் மட்டும் பழைய மதிலுக்குள் போனோம்.
சின்னச் செங்கல் கோயில்.
பர்மியத்தில் நாட் என்றால் தெய்வம், ஆவி.
நாட்களை அடைத்துவைத்த கோயில் என்று அதற்குப் பேர்.
தமிழில் சொல்லிப் பார்த்தேன்,
இன்னும் சரியாக இருந்தது.

வாசலில் மணலோவியம் விற்கிற பையன்
"கலாமா, உங்க சாமி உள்ளே" என்றான்.
வசைச் சொல்தான். அவன் வசையாகச் சொல்லவில்லை.
பெகுவில் எனக்கு ஒரு சித்தி, பேரே கலா.
பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது
வகுப்பே சிரிக்குமாம். அவளும் சிரித்துவிடுவாளாம்.

செருப்பைக் கழற்றினோம். செங்கல் சுட்டது.
சுவரில் பத்துக்குச் செய்த மாடம், மூன்று காலி.
வராகத்துக்கு மூக்கில்லை.
நரசிம்மத்தில் சிங்கம் தேய்ந்து
வெறும் ஆள் மிச்சம்.
மூன்றடி மண் கேட்டவருக்கு
முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.
உள்ளே பெருமாள் நின்றுகொண்டிருந்தார்.
சங்கு பிடித்த கையைக் காணோம்.
எப்போதோ ஒரு கொத்தன் சிமெண்டு குழைத்து
முகத்தைச் சரிசெய்திருக்கிறான்,
அவனுக்குத் தெரிந்த முகமாக.
கன்னத்தில் தனாக்கா பூசிவிட்டால்
எங்கள் கணக்குப் பிரிவு மேலாளரேதான்.

காவலுக்கு இருந்த ஊ மவுங் சோ
மோட்டார் சைக்கிள் டயர் மேல் உட்கார்ந்திருந்தார்.
கப்பலில் வந்த வியாபாரிகள் கும்பிட்டது,
எண்ணூறு வருஷம் இருக்கும், கூடவும் இருக்கலாம் என்றார்.
"அப்போ இவர் இன்னும் வெளியூர்க்காரர்தானா?"
யின் யின் மியா கேட்டாள், என்னைப் பார்க்காமல்.
அவர் எழுந்து போய் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்.
வாயைத் துடைத்தார்.
"ஊருக்குப் போய்வருகிறேன் என்று
இவர் இதுவரை சொன்னதில்லை."

வெளவால் ஒன்று தலைக்கு மேல் பெய்துவிட்டுப் போனது.
காலி மாடம் என் உயரத்துக்குச் சரியாக இருந்தது.
அதில் பையன் விற்காத ஓவியங்களைச் சுருட்டி
நிழலுக்கு வைத்திருந்தான்.
ஒதுக்கிவிட்டு நிற்கச் சொன்னாள் யின் யின் மியா.
சாமி இடம் என்றேன். சாமிதான் இல்லையே என்றாள்.

மாடத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.
கைபேசியைத் தூக்கி, அசையாதே என்றாள்.
அசையவில்லை.
கப்பல் கப்பலாக எல்லாரும் கிளம்பிப்போன வருஷத்திலும்
எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தார்கள்.

படத்தில் கண்ணை மூடியிருக்கிறேன்.
வெயில்.