1 ஸ்ரீ 7706

பணத்தைக் கொண்டுபோகக் கூடாது என்றார்கள்.
பதினாறு வருடச் சம்பளம்
கொழும்பு பாங்கியில் வெறும் எண்ணாகக் கிடந்தது.
வண்டியென்றால் கொண்டுபோகலாமாம்.
எனக்கு ஓட்டத் தெரியாது.

ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வான்டோர்ட் துரை
தன் ஆஸ்டின் கேம்பிரிட்ஜை விற்றார்.
'நல்ல வண்டி, மழை நாளில் கொஞ்சம் இருமும்.'
பின்சீட்டு இடுக்கில் அவர் மகள் விட்டுப்போன
நீல ரிப்பனுக்கும் சேர்த்துத்தான் விலை.

தொம்மை பர்னாந்துவின் தோணியில்
வெங்காயம் இறக்கிய இடத்தில் ஏற்றினோம்.
இரண்டு பலகை, நாலு வடம், பத்து ஆள்.
அலையில் துள்ளக் கூடாதென்று
டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டார்கள்.
வெங்காயச் சருகு
இன்றைக்கும் மிதியடிக்குக் கீழே இருக்கிறது.

தூத்துக்குடி சுங்கத்து அதிகாரி
வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார்,
பிராகாரம் சுற்றுவதுபோல.
'நீர் சொல்ற விலையை நான் நம்பலை' என்று
தீர்வை எழுதினார்.
வண்டி விலையைவிட அது கூட.
தங்கபுஷ்பத்தின் ரெட்டைவடச் சங்கிலி
மதுரையில் அடகுக்கடைக்குள் போன மறுநாள்
ஆஸ்டின் துறைமுகத்துக்கு வெளியே வந்தது.

எட்டயபுரம், பந்தல்குடி, அருப்புக்கோட்டை.
பருத்திக் காட்டுப் புழுதியில்
லாரி டிரைவர் பூவலிங்கம் ஓட்டினான்.
'அங்கிட்டு எந்தப் பக்கம் ஓட்டுவாக?'
இதே இடப்பக்கம்தான்.
'பெறகென்ன' என்றான்.
திருப்பரங்குன்றம் மலை தெரிகிறவரை
அதற்குப் பதில் தேடிக்கொண்டு வந்தேன்.

பதிவு ஆபீசில் குமாஸ்தா சீனிச்சாமி
பலகையைக் குனிந்து பார்த்தார்.
'என்னய்யா இது, ஜாங்கிரி பிழிஞ்ச மாதிரி?'
ஸ்ரீ. சிங்களத்தில் ஸ்ரீ.
'அட, நம்ம ஸ்ரீயா! மங்களகரமாத்தான் இருக்கு.
ஆனா மாத்தணும்.'

ஐம்பத்தெட்டில்
அந்த ஓர் எழுத்தை ஒழிக்க வடக்கே தார் பூசினார்கள்.
கொழும்பில் எங்கள் கடைப்பலகையில்
தமிழ் அத்தனைக்கும் பூசினார்கள்.
முதலாளி பெயரின் கடைசிப் புள்ளி மட்டும்
எப்படியோ தப்பியது.
இதையெல்லாம் சீனிச்சாமியிடம் எங்கே சொல்ல?
அவருக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள்.

யானைக்கல்லில், பாலம் இறங்குகிற இடத்தில்,
பெயிண்டர் ஒச்சப்பன்.
'பழசைச் சுரண்டவா? மேலேயே அடிச்சிரவா?'
மேலேயே அடி.
'அப்ப கறுப்பு ஒரு கோட்டு நீங்களே இழுங்க,
ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்.'

கையில் பிரஷ்.
டப்பாவில் கறுப்பு.
வைகையில் அன்று தண்ணீர் இல்லை,
யாரோ எருமையை ஓட்டிக்கொண்டு
மணலைக் கடந்துகொண்டிருந்தார்கள்.
ஒரே இழுப்பு.
அவ்வளவு சுலபம் என்று
எனக்குத் தெரியாமல் போயிற்று.

இப்போது எம்.டி.யூ. 3316.
சாயங்கால வெயில் சரிந்து விழும்போது
டி-க்கும் யூ-வுக்கும் நடுவே
ஒரு சுழி மேடு தட்டித் தெரியும்.
தங்கபுஷ்பம் விரலால் தடவிப் பார்த்து
'இதென்ன வீக்கம்?' என்பாள்.
பெயிண்டு, என்பேன்.
சங்கிலி இன்னும் மீளவில்லை
என்பதை அவளும் சொல்லமாட்டாள்.