மீன்வளம் படிக்கிறேன்

யாபாவில், ஏழாவது வீட்டு வாசலில்
குடையை மடக்கியபடி தரகர் சாக்கிரு சொன்னார்:
"சட்டம் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதே.
லாகோஸில் பாம்புக்குக்கூட அறை கொடுப்பார்கள்,
வக்கீலுக்குக் கொடுக்க மாட்டார்கள்."

ஆறு வாசலில் ஏற்கெனவே திறந்திருந்தேன்.
அக்கோக்காவில் ஒருவர்
என் கல்லூரி அட்டையை விரல் நுனியால் திருப்பித் தந்தார்,
ஈரமான எதையோ தருவதுபோல.
பரிகாவில் ஓர் அம்மாள்
"வாடகை கேட்டால் நீ சம்மன் அனுப்புவாய், மகளே"
என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.
சாத்திய பிறகும் சிரிப்பு கொஞ்ச நேரம் கேட்டது.

விடுதிக் குலுக்கலில் என் பெயர் விழவில்லை.
மூன்று வாரமாக
ஒன்பது பேர் அறையில் பத்தாவது பாய் நான்.
ஒருத்தி புரண்டால் எல்லோரும் புரள வேண்டும்.
கூட்டுப் பொறுப்பு என்று
ஒப்பந்தச் சட்டத்தில் இதற்குப் பெயர்.

வீட்டுக்காரர் ஒகுன்சோலா
ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டார்:
"என்ன படிக்கிறாய்?"
"மீன்வளம்."
யெனகோவாக்காரி நான்,
என் பொய்க்கும் நீச்சல் தெரிந்திருந்தது.
"அப்படியானால் என் கெளுத்திகள் ஏன் சாகின்றன?"
பின்கட்டில் தொட்டி வைத்திருக்கிறாராம்.
"தண்ணீரை மாற்றிப் பாருங்கள்."
யோசித்தார். தலையாட்டினார்.
சாவியைத் தேடினார்.

பத்தடிக்கு எட்டடி.
ஒரு ஜன்னல், திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.
குழாய் பொது, கழிப்பறை பொது,
மின்சாரம் கடவுள் விட்ட வழி.
ஓராண்டு வாடகை முன்கூட்டியே,
சேதாரத்துக்கு ஒரு தொகை,
சாக்கிருவுக்குப் பத்து சதவீதம்,
பத்திரம் எழுதிய வக்கீலுக்குப் பத்து சதவீதம்.
ஆமாம், வக்கீலுக்கு.
அவர் இந்த வீட்டில் குடியிருக்க முடியாது,
அவர் எழுத்து இருக்கலாம்.

நான்கு பக்கம்.
யாரும் படிப்பதில்லை போல,
பேனாவை முதலிலேயே நீட்டிவிட்டார்.
ஒன்பதாம் ஷரத்து:
வாடகை தவறினால்
கதவையும் கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொள்ள
உரிமையாளருக்கு முழு அதிகாரம்,
நீதிமன்றம் செல்லத் தேவையில்லை.

செல்லாது.
அந்தச் சொல் தொண்டையில் முள்ளாய் நின்றது.
போன மாதத் தேர்வில்
இதே கேள்விக்கு இருபதுக்குப் பதினெட்டு.
"புரியவில்லையா?" என்றார், கனிவாகத்தான்.
"புரிகிறது ஐயா."
எபியேரே என்று கையெழுத்திட்டேன்.
பெயர் மட்டும் உண்மை.
என் முதல் கட்சிக்காரி நானே,
வாதாடாமல் தோற்றுக்கொடுத்தேன்.

இப்போது குற்றவியல், சொத்துரிமை, சாட்சியம்
எல்லாவற்றுக்கும்
பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டாயிற்று.
ஜூலை மாதத்தில் ஒரு மீன்கூட இருக்கிறது.
புதன்கிழமை மாதிரி நீதிமன்றம்.
போர்வைக்குள், செத்துக்கொண்டிருக்கும் போன் வெளிச்சத்தில்
"கனம் நீதிபதி அவர்களே" என்று
இருட்டிடம் கிசுகிசுத்துப் பழகுகிறேன்.

சுவர் வெறும் ஒட்டுப்பலகை.
அந்தப் பக்கம் உஃபுவோமா,
சந்தையில் சடை பின்னுகிறவள், இரண்டு பிள்ளைகள்,
அவளுடைய ஆண்டு முடிந்து மூன்று மாதமாகிறது.
காலையில் குழாயடியில் என்னைப் பார்த்தாள்,
வழக்கத்தைவிட ஒரு வாளி நேரம் அதிகமாக.

நேற்றிரவு கதவிடுக்கில் ஒரு தாள் நுழைந்தது.
பாதி உள்ளே. மீதியை
வெளியே யாரோ பிடித்திருந்தார்கள்.
"மீன்காரப் பெண்ணே,
இதில் என்ன எழுதியிருக்கிறது?"

தகரத்தில் மழை.
தலைக்கு மேல் தெரிந்த ஆணிகளை எண்ணினேன்,
பதினொன்று வரை.
பிறகு தாளை இழுத்தேன்.
அந்தக் கை விட்டுவிட்டது.