டோக்கன் இல்லாத உருப்படிகள்

நான் பிறக்க ஒரு யுத்தம் வேண்டியிருந்தது.
இதை அம்மா சொல்வாள், சிரிக்காமல்.
பதினோரு வருஷத்தில் அப்பா வீட்டில் அதிக நாள் இருந்தது
குவைத்தைப் பக்கத்து நாடு பிடித்துக்கொண்டபோதுதான்.

ஃபஹாஹீல், மீன் மார்க்கெட்டுக்குப் பின்சந்து,
மூன்று மேசை, இரண்டு மெஷின்.
நடுமேசை இன்னாசி. பிறப்பு 1957.
அகாமாவில் தொழில்: ஆடு மேய்ப்பவர்.
ஆட்டை அவர் பிரியாணியில்தான் பார்த்திருக்கிறார்.

எண்பத்திரண்டில் பங்குச்சந்தை விழுந்தது என்றால்
அப்பாவுக்கு அது
ஒரு திஷ்தாஷாவின் பையில் நனைந்து கிடந்த காசோலை.
சைபர்களை எண்ணிப் பயந்து,
மேலே துணி போட்டு மிதமான சூட்டில் தேய்த்து,
ஓடிப்போய்க் கொடுத்தார்.
அந்த மனிதர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"நன்றாக வெளுத்திருக்கிறாய்" என்றாராம்.

தொண்ணூறு ஆகஸ்டில் ஒரு சிப்பாய்,
மீசை சரியாக முளைக்காதவன்,
சட்டையைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு
பனியனும் துப்பாக்கியுமாக நின்றான்.
காலர் கத்தி மாதிரி வர வேண்டும்.
சூடு ஆறும் முன்னே மாட்டிக்கொண்டு போனான்.
"கால் தினார் பாக்கி" என்பார் அப்பா,
அறுபது வயதிலும்.

பிறகு பஸ்ரா, பாக்தாத், அம்மான்,
தண்ணீருக்கு வரிசை, பம்பாய் விமானம்.
தூத்துக்குடியில் இறங்கியபோது
கையில் கடைச்சாவி.

நான் வந்த ஜூலையில் அவர் திரும்பிப் போயிருந்தார்.
எண்ணெய்க் கிணறுகள் இன்னும் எரிந்தன.
பகல் பன்னிரண்டுக்கு லைட் போட்டு வேலை;
ஒரே வெள்ளையை மூன்று முறை துவைத்தார்கள்.
பெண் பிறந்த கடிதத்தை அவர் படித்த இடமெல்லாம்
கரிவிரல் ரேகை. இப்போது என்னிடம் இருக்கிறது.

கம்பியில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு மிச்சம்.
கணக்கு நடத்தும் பலஸ்தீன வாத்தியாருடையது.
அவர்களையெல்லாம் அந்த வருஷம் அனுப்பிவிட்டார்கள்.
தூக்கிப் போடு என்றார் முதலாளி.
சரி என்றார் அப்பா. போடவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் சைரன் ஊதினால்
மேசைக்கடியில் உட்கார வேண்டும்.
பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் உட்காருவார்.
அதைப் போனில் கேட்டேன்.
கணக்கில் ஃபெயில் என்று சொல்ல அழைத்திருந்தேன்,
சொல்லாமல் வைத்துவிட்டேன்.

பெருந்தொற்றில் மஹ்பூலாவை வேலி போட்டு அடைத்தார்கள்.
உள்ளே அவர். வெளியே நான்,
அதே ஊர் ஆஸ்பத்திரி நர்ஸாக,
முள்கம்பி வழியே மாத்திரை நீட்டினேன்.
நாலு மாதம் கழித்துப் பார்க்கிறார்.
"யூனிஃபார்மைத் தேய்ச்சுப் போடக் கூடாதா?" என்றார்.

அடுத்த வருஷம் போய்விட்டார்.
உலகத்து வியாதி இல்லை, சிறுநீரகம்.
தொழில் என்ன என்று கேட்டார் குமாஸ்தா.
ஆடு மேய்ப்பவர் என்றேன்.

கடையில் அந்தக் கோட்டு, மடிப்புக் கலையாமல்.
பையில் கைவிட்டேன்.
பாதி தேய்ந்த சாக்பீஸ்.

கல்லாவில் இருந்த புதுப் பையன்
தலை நிமிராமல் கேட்டான்:
டோக்கன் இருக்கா?