இடப்பக்கக் கால்மிதி

மைவியை வாங்க வந்த வினோஷா
மீட்டரைக் குறித்துக்கொண்டாள், டயரைத் தட்டினாள்,
பானட்டைத் திறந்து
புரிந்ததுபோல் தலையாட்டி மூடினாள்.
பிறகு கேட்டாள்:
"இந்தப் பக்கம் யாருமே உட்காரலையா ஆன்ட்டி?
கால்மிதி புதுசாவே இருக்கு."

முதல் காடி டட்சன்.
கடுகு நிறம். எண் 3817.
ஜெலுத்தோங்கில் ஆ லெக்கின் பட்டறையில்
நர்ஸ் சம்பளத்தில் மாதம் நூறு வெள்ளியாய்க்
கட்டி முடித்தது.
லைசென்ஸ் எனக்கு மட்டும்தான்.
மாசிலாமணி மூன்று தடவை தேர்வுக்குப் போய்
மூன்று தடவையும் மேட்டில் பின்னோக்கி உருண்டார்.
"நீ ஓட்டு, நான் வழி சொல்றேன்" என்று
இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தவர்
முப்பத்து நான்கு வருடம் இடம் மாறவில்லை.

வழி சொன்னது கொஞ்சம்.
பிரேக் போட்டதுதான் அதிகம்.
அந்தப் பக்கம் பெடல் கிடையாது. இருந்தாலும்
லாரி நெருங்கினால், நாய் குறுக்கே யோசித்தால்,
அவர் வலது கால் தரையை அழுத்தும்.
ஃபெரியில் ஏற்றி நிறுத்தி
ஹேண்ட்பிரேக்கை இழுத்த பிறகும் அழுத்துவார்.
"கடலை நிப்பாட்டப் போறீங்களா?"
"காடி நிக்குது சரி. ரோடு ஓடுதே."

டட்சனைக் கொடுத்த அன்று
ஆ லெக் அந்தக் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தான்.
நடுவில் ஒரு குதிகால் அளவுக்கு ஓட்டை.
ஒன்றும் சொல்லாமல்
விலையில் இருபது வெள்ளி குறைத்தான்.

அடுத்தது புரோட்டோன் சாகா,
பாலம் திறந்து எல்லாரும் அக்கரைக்கு
சும்மாவே போய்வந்த காலம்.
கண்ணாடி இறங்கும், ஏறாது; ஒருநாள்
ஏறியது, இறங்கவே இல்லை.
பிறை டோலில் கதவைத் திறந்து,
ஒரு காலைக் கீழே வைத்து, ஏழு வெள்ளியை நீட்டினேன்.
பின்னால் நூறு ஹார்ன்.
தவமலர் வெட்கத்தில் சீட்டுக்கடியில் ஒளிந்தாள்.
இவர் மட்டும் அழுத்திக்கொண்டிருந்தார்,
நின்ற காடியை.

கஞ்சில் ஒருமுறை திருடு போனது.
நிபோங் திபாலில் ஒரு செம்பனைத் தோட்டத்தோரம்
நான்கு சக்கரமும் ரேடியோவும் இல்லாமல் கிடைத்தது.
பின் சீட்டில் இவருடைய சிறுநீரக எக்ஸ்ரே மட்டும்
வெயிலில் சுருண்டு கிடந்தது.
"நல்லா இருந்திருந்தா அதையும் எடுத்திருப்பான்"
என்று சிரித்தார்.

அதே கஞ்சிலில்தான் அந்த இரவும்.
பத்து லஞ்சாங்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி,
மூன்று சிவப்பு விளக்கு.
மூன்றையும் தாண்டினேன்.
என் வாழ்நாளில் அப்படி ஓட்டியதில்லை.
பிரேக் போடுங்கள், திட்டுங்கள்,
பார்த்துப் போ என்றாவது சொல்லுங்கள் என்று
மனதுக்குள் கத்திக்கொண்டே ஓட்டினேன்.
அவர் கால் சும்மா கிடந்தது.

அதற்குப் பிறகு வந்தது மைவி.
பதினோரு வருடம் இடப்பக்கம்
சந்தைப்பை, குடை,
ஒரு தடவை பெல்ட் போட்டுக் கட்டிய பூசணிக்காய்.
எதிரே வரும் விளக்குகள் இரவில்
வளையம் வளையமாய் விரிய ஆரம்பித்ததும்
விற்றுவிடத் தீர்மானித்தேன்.
யாரும் வற்புறுத்தவில்லை.

பெயர் மாற்ற கட்டைவிரலை வைத்தோம்.
என் ரேகையை இயந்திரம் இரண்டு தடவை மறுத்தது.
"வாங்க ஆன்ட்டி, வீட்ல விட்டுட்டுப் போறேன்"
என்றாள் வினோஷா.
வழக்கம்போல் வலப்பக்கம் போய் நின்று,
சிரித்துவிட்டு, சுற்றி வந்தேன்.

இந்தப் பக்கத்திலிருந்து
ரோடு வேறு மாதிரி இருக்கிறது.
எல்லாமே மிக அருகில் வருகிறது.
கையில் பிடிக்க ஒன்றுமில்லை.

கிரீன் லேன் சந்திப்பில் விளக்கு மஞ்சள்.
அவள் வேகம் குறைக்கவில்லை.
கால்மிதிக்குள் என் வலது குதிகால்
எலும்பு தெறிக்க இறங்கியது.

காடி நின்றது.

அவள்தான் நிறுத்தினாள் என்பாள்.
இருக்கலாம்.
ஆனால் முதலில் அழுத்தியது நான்.