குறைந்தபட்ச இடர்

இரண்டு எம்பிக்கு மேல் ஏற்காது
நெறிமுறைக் குழுவின் தளம்.
மூன்று வருட யோசனையை
பிழிந்து பிழிந்து ஒன்று புள்ளி ஒன்பதாக்கி
ஏற்றி முடித்தபோது இரவு பதினொன்று நாற்பது.
ஜெசிந்தா மேடத்தின் கையெழுத்து மட்டும்
கொஞ்சம் மங்கிப்போயிருந்தது.

தலைப்பு: சோமனூர் வட்டார விசைத்தறியாளர்களின்
செவித்திறன் இழப்பு.
பங்கேற்பாளர் நூற்றிருபது பேர்.
ஊசி உண்டா? இல்லை.
ரத்தம் எடுப்பீர்களா? இல்லை.
காதில் ஒரு ஹெட்போன், அதற்குள் சின்னச் சின்னச் சத்தம்,
கேட்டால் விரல் தூக்க வேண்டும்,
அவ்வளவுதான்.
இடர்: குறைந்தபட்சம்.
டிக் அடித்தேன். கட்டம் பச்சையானது.

பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தது.
வாசிக்கத் தெரியாதவரிடம் வாய்மொழி ஒப்புதலை
எவ்வாறு பெறுவீர்கள்?
மாதிரி ஒலிப்பதிவு இணைக்கவும்.

சாமளாபுரம் போனேன்.
பதினாறு தறி ஓடும் கொட்டகை.
ஆறுக்குட்டி அண்ணன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பங்கேற்பது முழுக்க உங்கள் விருப்பம் என்று
தொண்டை கிழியக் கத்தினேன்.
கத்திச் சொன்னால் அது விருப்பம் மாதிரியே இல்லை.
அவர் தலையாட்டினார்.
தலையாட்டல் பதிவாகவில்லை,
டடக் டடக் டடக் என்று
நாலு நிமிடம் பதினோரு நொடி பதிவாகியிருந்தது.

அதையே இணைத்தேன்.
ஒலி தெளிவாக இல்லை, மீண்டும் சமர்ப்பிக்கவும்.
தெளிவாக இல்லை என்பதுதானே ஐயா என் ஆய்வு
என்று பதில் பெட்டியில் எழுதி
அழித்தேன்.

"கரண்டு நிக்கிற அன்னிக்கு வாங் அம்மிணி" என்றார் திருமாத்தாள்.
(அது அவர் பெயரல்ல.
பெயரை மாற்றுவதாகப் பகுதி ஏழில்
ஒப்புக்கொண்டிருக்கிறேன்.)

செவ்வாய்க்கிழமை, மாதாந்திரப் பராமரிப்பு,
ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன.
நின்ற பிறகும் எல்லோரும் கத்தித்தான் பேசினார்கள்.
படிவத்தை வாசித்தேன்.
எந்த நேரத்திலும் நீங்கள் விலகிக்கொள்ளலாம்.
"எதுலிருந்துங்?"
"ஆய்வுலிருந்துங்க."
"அட, நான் தறியிலிருந்துன்னு நெனச்சுட்டனுங்."
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

உங்கள் தகவல் ரகசியமாக வைக்கப்படும்.
"ஏனுங், எனக்குக் காது போச்சுன்னு மிசினு சொல்லீருச்சுன்னா
அந்தச் சீட்டு மொதலாளிகிட்டப் போகுங்ளா?"
"போகாதுங்க."
"கேம்பு இங்கதான போடுவீங்?
அவரு அந்தச் சேர்லதான உக்காந்திருப்பாரு?
எல்லாரும் வெரலத் தூக்கறப்ப
நான் தூக்காம இருந்தா
அவுருக்கு எதுக்குங் சீட்டு?
முன்பணம் நாப்பதாயிரம் நிக்குதுங் எம்பேருல."

பதினாறு பக்கப் படிவத்தைப் புரட்டினேன்.
விரலுக்கு ஒரு வரி இல்லை.
பதிவு மிகத் தெளிவு,
பின்னால் ஒரு காக்கை கத்துவதுகூடக் கேட்கிறது.

ராத்திரி திறந்தேன்.
சோதனை நடைபெறும் இடம்: தறிக்கூடம் என்பதை அடித்து
பள்ளிச் சத்துணவுக் கூடம், ஞாயிறு மதியம் என்றாக்கினேன்.
குறைந்தபட்சம் என்ற டிக்கை எடுத்தேன்.
உடனே சிவப்பில் ஒரு வரி:
தங்கள் விண்ணப்பம் முழுக்குழு அமர்வுக்கு மாற்றப்படும்,
அடுத்த அமர்வு தேதி பின்னர்.
உதவித்தொகை ஆடியோடு முடிகிறது.
"ஏன்ப்பா அதைப் போய்த் தொட்டே" என்றார் மேடம் போனில்.
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, "சரி, புதுசாக் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்."

ஒலிப்பதிவு பதினெட்டு நிமிடம்.
அளவு அதிகம் என்றது தளம்.
வெட்ட வேண்டும்.
நான் வாசித்ததையெல்லாம் வெட்டிவிட்டேன்.

ஒப்புதல் என்று போட்டிருக்கும் இடத்தில்
ஒரு கேள்வி ஏறிக்கொண்டிருக்கிறது.
முப்பத்திரண்டு சதவீதம்.
முப்பத்திமூன்று.